ஓரத்தில் மட்டும் ஒட்டிய பக்கங்கள்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இதில் குறை எழுதுவது வழக்கமில்லை என்று தெரியும். ஆனால் அப்பா என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற புழுக்கத்தை மறைத்து, புகழ்ச்சி மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்பா பிறந்தது ஏழாயிரம்பண்ணையில். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று, தீப்பெட்டி ஆபீஸ் என்று எங்கள் பக்கம் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார்கள். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். பிறகு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் பைண்டிங் வேலை. நூலகத்தில் கழித்துப் போட்ட அமெரிக்க வரலாற்று நூல் ஒன்று, தமிழில் வந்தது, அப்பா கைக்குக் கிடைத்தது. அதைப் புதிதாகத் தைத்து அட்டை போட்டு வைத்துக்கொண்டார்கள்.

என் சிறுவயது முழுக்க அந்தக் கதைகள்தான். கப்பலேறிப் போய்க் காட்டைத் திருத்தியவர்கள், மரத்தால் வீடு கட்டியவர்கள், ராஜாவுக்கு வரி கட்ட மாட்டோம் என்றவர்கள். “யாருக்கும் கைகட்டி நிக்காத சனம் தாயி” என்று அப்பா சொல்லும்போது முகமே மாறிவிடும். நான் அப்படியே நம்பினேன்.

சென்ற ஆண்டு கம்பெனி வேலையாக அமெரிக்கா போனபோது, அப்பாவுக்காகவே ஒரு பழைய பண்ணை வீட்டைப் பார்க்கப் போனேன். வீடியோ காலில் மாடி, தூண், கணப்பு எல்லாவற்றையும் காட்டினேன். அப்பா குழந்தை போலக் கேள்வி கேட்டார்கள். பிறகு வழிகாட்டிப் பெண் பார்வையாளர்களான எங்களை வீட்டின் பின்னால் அழைத்துப் போனார். அங்கே அடிமைகள் இருந்த குடிசைகள். சுவரில் அவர்கள் பெயரும் வயதும் எழுதப்பட்டிருந்தன. ஒரு பையனுக்கு எட்டு வயது.

இது உங்களுக்குத் தெரியுமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

“தெரியும் தாயி. ஒங்கிட்டச் சொல்ல வாய் வரல.”

“அப்ப எங்கிட்டச் சொன்னது அம்புட்டும் பொய்யா?” என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன். அதன்பின் அம்மாவிடம் மட்டுமே பேசினேன். இருபதாம் நாள் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார்கள். முகம் பார்க்கத்தான் வந்து சேர்ந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். நடுவில் சில தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அப்பாவுடன் பைண்டிங்கில் வேலை பார்த்த அத்தையிடம் காட்டினேன். அவர் ஈரத்துணியால் ஓரத்தை மெல்ல ஒற்றினார்.

“ஓரத்துல மட்டுந்தான் பசை தடவியிருக்காக. பிரிக்கவே கூடாதுன்னா முழுசாத் தடவியிருப்பாகள்ல? ஒருநா நீ பிரிப்பேன்னு ஒட்டுனது தாயி.”

உள்ளே அடிமைகளின் வரலாறு இருந்தது. ஒரு சிறுவனைத் தாயிடமிருந்து பிரித்து வண்டியில் ஏற்றும் இடத்தில், அப்பாவின் பென்சில் எழுத்து: “எனக்கும் எட்டு வயது. விருதுநகர்க் கோவில் பொங்கல் திருவிழாவுக்கு என்று சொல்லித்தான் அய்யா வேனில் ஏற்றினார். வேன் தீப்பெட்டி ஆபீசில் போய் நின்றது.”

அப்பா அய்யா என்று அழைத்தது எங்கள் தாத்தாவை. அந்தப் பையனைப் பற்றிச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள்.

கடைசி நேரத்தில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், அச்சகத்துத் தோழர்களுக்கும், அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பிரித்த பக்கங்களை நான் திரும்ப ஒட்டவில்லை. என் கோபமும் இன்னும் தீரவில்லை. சண்டை போடுவதற்காவது நீங்கள் இருந்திருக்கலாம், அப்பா.