பிலியானாவின் ஒரே படம்

மே மாதக் கடைசியில் எங்கள் ஊர்ப் பால்கனிகளில் முகங்கள் தொங்கும். பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் முகங்கள். ஆள் உயரத்தைவிடப் பெரிய பேனரில், தலைவாரிச் சிரித்தபடி, பெயரோடும் ஆண்டோடும். கணக்கில் கோட்டைவிட்டவனுக்கும் பேனர் உண்டு, வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காதவனுக்கும் உண்டு. விருந்து முடிந்ததும் அதைச் சுருட்டி வைத்து, குளிர் வருவதற்குள் விறகுக் குவியலுக்குப் போர்த்துவார்கள். டான்யூப் ஆற்றுப் பக்கமிருந்து வரும் மழைக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. எங்கள் ஊரில் பாதி விறகு யாரோ ஒரு பழைய மாணவனின் பல்வரிசைக்குக் கீழேதான் காய்கிறது.

பிலியானாவுக்கு மட்டும் பள்ளியின் கடைசி நாள்வரை எங்கேயும் முகம் கிடையாது. பேனரில் இல்லை, வகுப்புப் படத்தில் இல்லை, யாருடைய கைபேசியிலும் இல்லை.

அவள் எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். தாயும் மகளும் இரண்டு பைகளோடு தெற்கேயிருந்து வந்து எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் குடியேறினார்கள். தாய் மில்காவுக்கு, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த ஸ்பாஸ் மாமாவின் பனிட்சாக் கடையில் வேலை. மாவை மெல்லிசாக இழுத்து, பாலாடைக்கட்டி தூவி, சுருட்டிச் சுட வேண்டும். மில்காவின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. "ஒரு கைக்கே இப்படி வருதே, ரெண்டு கையும் நல்லா இருந்தப்ப நீ ராஜாவுக்கா சுட்டே?" என்று ஸ்பாஸ் மாமா கேலி செய்வார். மில்கா சிரித்துக்கொண்டே அடுத்த மாவை இழுப்பார்.

முதல் நாளே நான் கைபேசியைத் தூக்கி வகுப்பைப் படம் எடுத்தேன். புதுப் பெண் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"ஏண்டி, மூஞ்சில பருவா?" என்றேன்.

"குடு, நான் எடுக்கறேன். உனக்கு எடுக்கத் தெரியல. பாதிப் பேருக்குத் தலையே இல்ல" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் எல்லாப் படத்தையும் எடுத்தவள் அவள்தான். படம் எடுப்பவள் படத்தில் இருக்க மாட்டாள் என்பது எவ்வளவு எளிய தந்திரம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் காரணத்தைச் சொன்னாள். அம்மாவின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியவன் அப்பா ருமென். விவாகரத்து ஆகியும் அவன் விடவில்லை. இரண்டு ஊர் மாறினார்கள், இரண்டு ஊரிலும் கண்டுபிடித்து வந்தான். ஒருமுறை பள்ளி நாடகப் படத்தை வைத்து, ஒருமுறை உறவுக்காரர் வீட்டு ஞானஸ்நான வீடியோவை வைத்து.

"மூணாவது தடவை வந்தா என்னால ஓட முடியாதுன்னு அம்மா சொல்றாங்க, கெரி. அதனால அவன் வரக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்."

கெரி நான்தான், கெர்கனா. அந்த வயதில் எனக்குத் தெரிந்த பெரிய ஆபத்து இயற்பியல் தேர்வு.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் கணினி வாத்தியார் ம்லாதென் சார் ஒரு சுற்றறிக்கையோடு வந்தார். மாணவர்களுக்கான இணையப் பாதுகாப்புப் போட்டி, நான்கு பேர் கொண்ட அணி வேண்டும் என்றார். "எனக்கும் ஒண்ணும் தெரியாது. சேர்ந்து திருதிருன்னு முழிப்போம்" என்றார். நேர்மையான மனிதர். எங்கள் வகுப்பின் கொவாச்செவ் இரட்டையர் சேர்ந்தார்கள், பயணப்படி கிடைக்கும் என்று. நான் பிலியானா சேர்ந்ததால் சேர்ந்தேன். அணிக்கு 'போசா' என்று பெயர் வைத்தோம். இரட்டையர் எந்நேரமும் குடித்துக்கொண்டிருந்த புளித்த பானம் அது.

ஒவ்வொரு புதிருக்குள்ளும் ஒரு வரி ஒளிந்திருக்கும். அதற்குக் கொடி என்று பெயர். கண்டெடுத்துக் கொடுத்தால் புள்ளி. பழைய ஆண்டுப் புதிர்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருந்தார்கள். ஆரம்பிக்க வேறொன்றும் தேவைப்படவில்லை, ஒரு பழைய கணினியும் தோற்றால் அழாத மனமும் போதும். பூட்டிய கோப்பைத் திறப்பது, உடைந்த நிரலை ஆராய்வது எல்லாவற்றையும் நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றோம். ஒரே ஒரு வகையில் மட்டும் பிலியானாவை யாரும் நெருங்க முடியவில்லை. ஒரு படத்தைக் கொடுத்து, இது எந்த ஊர், எந்தத் தெரு, எடுத்தவர் யார் என்று கேட்கும் புதிர்கள்.

இரட்டையரில் மூத்தவன் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டான். "எப்படித் தாயே கண்டுபிடிக்கறே? நாங்களும் படத்துல அதே குப்பைத் தொட்டியத்தானே பாக்கறோம்?"

"நீங்க புள்ளிக்காகப் பாக்கறீங்க. நான், இதுல இருக்கற ஆளை அடிக்கணும்னு வெறியோட ஒருத்தன் பார்த்தா எதைப் பாப்பான்னு பாக்கறேன்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் தலைநகர் சோஃபியாவில் நடந்த இறுதிச் சுற்றில் ஜெயித்தோம். படப் புதிர்கள் அத்தனையும் அவள் விடுவித்தவை. பரிசாகப் பல்கலைக்கழகத்தில் நுழைவுத் தேர்வு இல்லாமல் இடம். மேடையில் அணியின் பெயரை மட்டும் கூப்பிடும்படி அவள் முன்கூட்டியே கெஞ்சி வைத்திருந்தாள். எங்கள் நாட்டில் முழுப்பெயரைச் சொன்னால் நடுவில் அப்பன் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோப்பையோடு நாங்கள் மூவர் நிற்க, அவள் படம் எடுத்தாள். அவளுடைய நிழல்கூட அதில் விழவில்லை.

தலைமையாசிரியை பாருஷேவாவுக்கு இது பிடிக்கவில்லை. "அணியில நாலு பேர், படத்துல மூணு பேர். மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? பெரிய உளவுக்காரி இவ" என்றார். அதோடு விடாமல், கீழ் வகுப்புகளுக்கெல்லாம் இணையத்தில் அந்தரங்கத்தைக் காப்பது பற்றிப் பாடம் எடுக்கச் சொல்லி அவளையே அனுப்பினார். அவள் முகம் சுளிக்காமல் போனாள். அடுக்ககத்தில் ரோசா அத்தையின் கைபேசியைக்கூட வாங்கி, அவர் போடுவதை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றிக்கொடுத்தாள். "எங்கிட்ட என்ன இருக்கு திருட? கத்திரிக்கா வதக்கற படத்தையா?" என்று ரோசா அத்தை சிரித்தார்.

மே மாதம் வந்தது. விருந்து நாளில் எங்கள் வாசலில் கெபாப் புகைந்தது, கிளாரினெட்டும் மேளமும் வந்தன. ஸ்பாஸ் மாமா கடையை மூடிவிட்டுக் கறி சுட நின்றார். நானும் பிலியானாவும் எங்கள் வீட்டில் உடை மாற்றிக்கொண்டு படியிறங்கினோம். அவள் பச்சை உடுப்பில் இருந்தாள். பள்ளி முடிக்கும் பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது காலால் தட்டிக் கவிழ்க்க, பூப்போட்ட தண்ணீர்ச் செம்பு வாசலில் காத்திருந்தது. அவள் வெளியே ஓர் அடி வைத்தாள். கூட்டம் மேலே பார்த்துக் கைதட்டியது. நாங்களும் திரும்பிப் பார்த்தோம்.

மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து இரண்டாம் மாடி ஜன்னல்வரை அவள் முகம் தொங்கியது. அடியில் பெயர், ஆண்டு, 'எங்கள் சாம்பியன்'.

மில்கா மாவு படிந்த கையை உடுப்பில் துடைத்தபடி ஓடி வந்தார்.

"உனக்குத் தெரியாம செஞ்சேன் கண்ணு. அவன் பேரைப் போடல, பயப்படாத. உம் பேரும் குடும்பப் பேரும் மட்டும்தான் போட்டிருக்கேன். உன் அடையாள அட்டைப் படத்தத்தான் பெரிசு பண்ணிக் குடுத்தாங்க. தெருவுல ஒவ்வொரு கழுதைக்கும் பேனர் இருக்கு. எம்பொண்ணுக்கு மட்டும் வெறும் சுவரா?"

அவரை அதுவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. கழுத்து நிமிர்ந்து, கன்னம் சிவந்து, ஊரில் மற்ற அம்மாக்களைப்போல் இருந்தார். நான் பிலியானாவின் காதருகே, "கழட்டச் சொல்லவாடி?" என்றேன்.

அவள் பேனரைப் பார்த்தாள். கூட்டத்தில் உயர்ந்திருந்த கைபேசிகளைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா மூஞ்சியப் பாரு, கெரி. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

செம்பை உதைத்தாள். தண்ணீர் படியெல்லாம் ஓடியது. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் கைகோர்த்து ஆடும் ஹோரோ வட்டத்தில் ஆடினாள். அவ்வளவு நாள் கட்டிக்காத்ததை அவள் தெரியாமல் விடவில்லை. தெரிந்தே, தன் தாய்க்குச் சீர்வரிசையாகக் கொடுத்தாள். நான் இன்றைக்கும் மில்காவைக் குறை சொல்ல மாட்டேன். பெற்ற பிள்ளையின் முகத்தைச் சொந்தச் சுவரில் மாட்டுவது குற்றம் என்றால், அந்தச் சட்டத்தை எழுதியவன் ருமென். ஒளிய வேண்டியவன் அவன். ஒளிந்து வாழ்ந்தது இவர்கள்.

ஆட்டம் ஓய்ந்ததும் நாங்களே பேனரை இறக்கினோம், படம் எடுத்தவர்களைக் கெஞ்சி அழிக்க வைத்தோம். ரோசா அத்தை விருந்து முழுவதையும் நேரலையில் விட்டிருந்தார், அதுவும் எல்லாரும் பார்க்கும்படி.

"ஸ்பெயின்ல தக்காளி பறிக்கிற எம்பொண்ணு பாக்க வேணாமா? அவ கூட வேலை பாக்கறவங்களும் பாக்கணும்னு சொன்னாங்க" என்றார்.

"அழிச்சிடுங்க அத்தை, ப்ளீஸ்."

"கண்ணு பட்டுடுமாக்கும் மகாராணிக்கு" என்று முணுமுணுத்தபடி அழித்தார். அதற்குள் நாலு பேர் பகிர்ந்திருந்தார்கள்.

செர்ரிப் பழக்காலம் முடிவதற்குள் அவன் வந்தான். நான் கடை வரிசையில் நின்றிருந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நிதானமான குரல். ஒரு பனிட்சாவும் மோரும் கேட்டான். தட்டை நீட்டிய மில்காவின் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு ஆள் யார் என்று விளங்கியது.

"கை பரவால்லயா இப்போ?" என்று கேட்டான்.

வெளி மேசையில் உட்கார்ந்து கடைசித் துணுக்குவரை சாப்பிட்டான். "நல்ல மனுஷன், கையெல்லாம் விசாரிக்கிறான்" என்றார் ஸ்பாஸ் மாமா. மறுநாளும் வந்தான். மில்காவோடு நானும் காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பேனாவைக்கூட எடுக்கவில்லை.

"காசு குடுத்து சாப்பிட்டுட்டுப் போறாரு. இதுல நான் என்னத்தம்மா எழுதறது?"

"அடிச்ச பிறகு வந்தா எழுதுவீங்களா?" என்றேன்.

"வாய் நீளம் உனக்கு" என்றார்.

அன்று மாலை பிலியானா எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது முறை அவன் வந்தால் ஓட முடியாது என்ற அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைத்தாளோ தெரியாது. "பல்கலைக்கழகத்துச் சீட்டு?" என்று கேட்டேன். சேர்ந்தவர்கள் பட்டியலை இணையத்தில்தான் ஒட்டுவார்கள், நடுவில் அப்பன் பெயரோடு, என்றாள்.

"எங்கடி போறீங்க?"

"உனக்குத் தெரிஞ்சா அது உம்மூஞ்சில தெரியும். நீ பொய் சொல்ல லாயக்கில்லாதவ."

விடிந்தபோது கடையில் அடுப்பு எரியவில்லை. 'வந்த சீட்டை வீணாக்கிட்டா' என்று பாருஷேவா மேடம் ஆசிரியர் அறையில் புலம்பினாராம். அந்த இடம் காலியாகவே போயிற்று.

ருமென் மேலும் சில நாள் ஊரில் சுற்றினான். ஒருநாள் அடுக்ககத்து பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஆளைக் கண்டுபிடிக்கிற போட்டில ஜெயிச்ச பிள்ளைங்க நீங்கதானாமே. எம்மகளைக் கண்டுபிடிச்சுக் குடும்மா. பெத்தவன் நான்."

"ஜெயிச்சது அவ. நாங்க சும்மா பக்கத்துல நின்னோம்" என்றேன். அந்த ஒரு பதிலில் எனக்கு இன்றும் திருப்தி உண்டு. வேறெதிலும் இல்லை.

பேனர் ஸ்பாஸ் மாமாவின் விறகுக் குவியலுக்குப் போனது. உண்மை தெரிந்தபின் அவர் அந்த வெள்ளைச் சட்டைக்காரனுக்கு மோர் ஊற்றிய கையைத் திட்டிக்கொண்டே இருந்தார். முகம் அடியில் இருக்கும்படி அவரே திருப்பிப் போட்டார்.

இப்போது சோஃபியாவில் ஒரு நிறுவனத்தில் இணையப் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள் வருவார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பார்கள். அவள் சொன்னதையே சொல்லிக்கொடுக்கிறேன், யார் சொன்னது என்று சொல்வதில்லை.

ஆண்டுக்கொருமுறை, அவள் பிறந்தநாளன்று, எனக்குத் தெரிந்த எல்லா வித்தையையும் போட்டு அவளைத் தேடுவேன். நான் கண்டுபிடித்தால் அவனும் கண்டுபிடிப்பான் என்பதால் தேடுகிறேன். அவள் இருக்கும் இடத்தின் தடம் ஒன்றும் கிடைக்காது. பாவி, எவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறாள் என்று பெருமையாக இருக்கும். பிறகு, உயிரோடுதான் இருக்கிறாளா என்று அழுவேன். அவள் பத்திரமாக இருப்பது என்றால், எனக்கும் இல்லாமல் போவது.

பிறகு அவனைத் தேடுவேன். அதற்கு எந்த வித்தையும் வேண்டாம், பெயரைத் தட்டினால் போதும். வீடு, கார், மீன் பிடிக்கும் இடம், புது மனைவி எல்லாம் திறந்து கிடக்கும். அவனுக்கு எதை மறைக்க வேண்டும்? ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் ஒரே படத்தைப் போடுகிறான். ரோசா அத்தையின் வீடியோவிலிருந்து வெட்டியது. பேனருக்குக் கீழே பச்சை உடுப்பில் பிலியானா ஆடுகிறாள், பக்கத்தில் மில்கா சிரிக்கிறார். இணையத்தில் அவளுக்கு இருக்கும் ஒரே படம்.

'என் மகள், சாம்பியன். அப்பாவுக்கு உன்மேல் கோபமில்லை. பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்' என்று எழுதியிருக்கிறான்.

புகார் கொடுத்துப் பார்த்தேன். விதிமீறல் ஏதுமில்லை என்று பதில் வந்தது. கீழே ஊர்பேர் தெரியாத நல்லவர்கள் வரிசையாக, 'தைரியமாக இருங்கள், நாங்களும் தேடுகிறோம்' என்று எழுதுகிறார்கள். நூற்றுக்கணக்கில் சிவப்பு இதயங்கள். இந்த ஆண்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாருஷேவா மேடத்தின் இதயமும் ரோசா அத்தையின் இதயமும் அதில் இருந்தன.