மைக்கில் வந்த பெயர்

எங்கள் சபையில் ஒருத்தியைக் கெடுக்க வேண்டுமென்றால் கோள் மூட்ட வேண்டியதில்லை. அவளுக்காக ஜெபித்தால் போதும்.

நான் சுஜா. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ரவிக்கை தைக்கிறவள். கலைச்செல்வியின் கதையைச் சொல்கிறேன். இதில் என் பங்கும் உண்டு, மறைக்கப் போவதில்லை.

கலைச்செல்வி நாங்குநேரிப் பக்கத்துக்காரி. கொத்தனார் லிங்கராஜுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருவனந்தபுரம் வந்தவள். பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் மாவாட்டினாள், காய் நறுக்கினாள். புருஷன் மஸ்கட்டில் இருப்பதாக ரெண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்களும் மஸ்கட் வெயில் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் தாங்க முடியாமல் பாஸ்டரம்மா ஷிஜாவின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மஸ்கட்டாவது மண்ணாங்கட்டியாவது. லிங்கராஜ் நெய்யாற்றின்கரையில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். ஷிஜா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாளாம்.

"தைரியமாட்டு இரு மோளே. இது நமக்குள்ளயே இருக்கும், கேட்டியா?"

வந்தது வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். கடைமாடி அறையில் நாற்பது பெண்கள், முக்காடு போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம். பாஸ்டரம்மா மைக்கில் ஒவ்வொருவர் பாரத்தையும் பெயர் சொல்லி ஜெபிப்பாள், நாங்கள் ஆமென் போடுவோம். அதுதான் எங்கள் வழக்கம். பெயர் சொன்னால்தான் சரியான வீட்டுக்குப் போய்ச் சேருமாம். கர்த்தருக்கு விலாசம் தெரியாது பாருங்கள்!

"ஆண்டவரே, நெய்யாற்றின்கரையில அந்நிய ஸ்திரீகூடக் கிடக்கிற லிங்கராஜைத் தொடும்! பொய் சொல்லி மறைச்ச உம்ம மக கலைச்செல்வியை மன்னியும்!"

"ஆமென்!" என்று எல்லோரையும் விட உரக்கக் கத்தியது நான்தான். பழக்கதோஷம். கண்ணைத் திறந்தபோது கலைச்செல்வி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமையே வீட்டுக்காரி காலி பண்ணச் சொல்லிவிட்டாள். அவளும் எங்கள் சபைதான். ஆம்பிளை இல்லாத வீடு, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றாளாம். போன வாரம் வரைக்கும் மஸ்கட்டில் இருந்த ஆம்பிளை இந்த வீட்டுக்கு என்ன காவலா காத்தான்? இன்றைக்குக் கேட்கிறேன், அன்று கேட்கவில்லை.

கலைச்செல்வி ஊர் ஓரத்தில் இருக்கிற கழக்கூட்டத்துக்குப் போனாள். ஐடி கம்பெனிகளுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் சமையல்கட்டு வேலை, பின்னாலேயே தங்க ஓர் அறை. அங்கே ஒரு மத்தியானம் டெலிவரி பார்சல் எடுக்க ஹெல்மெட்டோடு வந்து நின்றான் சுபின். ஷிஜாவின் ஒரே மகன். பெங்களூரில் பாஸ்டருக்குப் படிக்கிறான் என்று பிரசங்கத்துக்குப் பிரசங்கம் நாங்கள் கேட்கிறோமே, அதே சுபின். படிப்பை விட்டு எட்டு மாதமாகிவிட்டது, விசுவாசமே இல்லாமல் அதைப் படிக்க முடியவில்லை, அம்மாவுக்குத் தெரியும், சபைக்குத்தான் தெரியாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறான்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

அடுத்த வெள்ளி லீவு போட்டுவிட்டு வந்தாள் கலைச்செல்வி. முன்வரிசையில் உட்கார்ந்தாள். விண்ணப்பம் உண்டா என்று கேட்டதும் எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

"பாஸ்டரம்மா வீட்டுக்காக ஜெபிங்க. என்ன ஏதுன்னு நான் சொல்லமாட்டேன். கழக்கூட்டத்துல தினமும் பாக்குதேன், தினமும் ஜெபிக்கேன். அவ்வளவுதான்."

ஷிஜாவின் முகத்தில் ஈயாடவில்லை. நாங்கள் ஆமென் போடவும் மறந்துபோனோம். அதற்கடுத்த வெள்ளியும் வந்தாள், அதே விண்ணப்பம். அதற்கடுத்த வெள்ளியும். பெண்கள் குசுகுசுக்க ஆரம்பித்தார்கள். பாஸ்டருக்குச் சீக்காம், புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லையாம். ஷிஜா பாதியாக இளைத்துப்போனாள். நன்றாக வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

கடைசியில் ஷிஜா கழக்கூட்டத்துக்கு பஸ் ஏறினாள். சமையல்கட்டில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மகன் விஷயத்தைச் சொல்லி அழுதாள். கலைச்செல்வி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவேயில்லையாம்.

"சொல்லும்போது தொண்டை அடைக்குதா?"

"அடைக்குது மோளே."

"எனக்கும் அடைச்சுது. நான் சொன்னது உங்க காதுக்கு. மைக்குக்கு இல்ல."

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"வெள்ளிக்கிழமை பாப்போம்."

அந்த வெள்ளிக்கிழமை கலைச்செல்வி எழுந்திருப்பதற்கு முன்பே ஷிஜா மைக்கை அணைத்தாள். மகனைப் பற்றி வெறும் வாயால் எங்களிடம் சொன்னாள். கழக்கூட்டம் போய் அழுததையும் சொன்னாள். கலைச்செல்விக்குத் தான் செய்தது துரோகம் என்றாள். எல்லோரும் கலைச்செல்வியைப் பார்த்தோம். அவள் பையை எடுத்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு மணிக்கு வேலை" என்று கிளம்பிவிட்டாள். மன்னித்தேன் என்று இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் மைக்கில் ஒரு பெயரும் வந்ததில்லை. அன்பு செய்யாததைப் பயம் செய்தது.

எனக்கு ஒன்று உறைத்தது. பழிவாங்க ஒரு ரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை வாரம் அதை ஒருவரிடமும் சொல்லாதவள் எங்கள் சபையிலேயே இவள் ஒருத்திதான். என் மார்பில் மூன்று மாதமாக ஒரு கட்டி. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. நானும் கழக்கூட்டத்துக்கு பஸ் ஏறினேன்.

கலைச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். ஸ்டூல் அவள் காலடியில் இருந்தது.

"அன்னைக்கு ஆமென்னு உரக்கக் கத்துனது நீங்கதானேக்கா?"

"ஆமா."

"அப்ப நின்னுக்கிட்டே சொல்லுங்க."

நின்றுகொண்டேதான் சொன்னேன். கட்டி என்றதும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது. அவள் காலாலேயே ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"நாளைக்கு நாம ஆஸ்பத்திரிக்கு எத்தன மணிக்குப் போணும்?" என்று கேட்டாள்.