அக்கா தப்பாகப் போட்ட ஊசி

எங்கள் அக்கா அக்குபங்சர் சிகிச்சை செய்பவள். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு கட்டில், நடுவே ஒரு திரை, அவ்வளவுதான் கிளினிக். தெருவில் அவளுக்கு ஊசிக்காரம்மா என்று பெயர். முழங்கால் வலி, கழுத்துப் பிடிப்பு என்று வருபவர்களுக்கு ஊசி போடுவாள்; நெஞ்சு வலி என்று யாராவது வந்தால் கட்டிலில்கூடப் படுக்க விடாமல் ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிடுவாள். ஊராரிடம் அவ்வளவு கறாராக இருந்தவளின் பேச்சு வீட்டில்தான் எடுபடவில்லை.

மாமா லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு மேல்வயிற்றில் வலி வந்தது. அக்கா முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் அளந்து ஊசி போட்டாள், நின்றது. மறுபடி வந்தது, போட்டாள், நின்றது. இதற்குள் மாமாவின் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட வேண்டியதாகிவிட்டது. சாப்பாடு பாதியில் நின்றது. "தொப்பை போச்சு, இதுக்குப் போய் யாராவது மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்களா?" என்று அக்காவிடம் கேலி வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு ஸ்கேன் எடுத்துடலாங்க" என்பாள் அக்கா.

"நீ இருக்கும்போது ஸ்கேன் எதுக்கு?"

வலி தாங்க முடியாமல் போனால்தான் இந்த மனுஷன் நகர்வார் என்று அவளுக்குப் பட்டது. ஒரு நாள் காலை வேண்டுமென்றே இடம் மாற்றி, மேல்தோலில் மட்டும் ஊசியைச் செருகிவிட்டு, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தாள்.

"இன்னிக்கு வலி நிக்காதுடா. வண்டிய எடுத்து வை" என்றாள் மெதுவாக.

ஊசியை எடுத்ததும் மாமா பேன்ட் காலை இறக்கிவிட்டுக்கொண்டே வெளியே வந்தார். "இன்னிக்குப் போட்டதுதான் ஊசி. வலி போன இடம் தெரியல."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. பொய்யாக ஊசி போட்டாலும் பலருக்கு வலி குறைவதை ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள் என்று அவளே என்னிடம் சொன்னதுண்டு. மாமாவுக்கு அவள் கை பட்டாலே போதும். உள்ளே இருப்பது அது பாட்டுக்கு வளரும், இவர் சிரித்துக்கொண்டே இருப்பார்.

"நான் சரியாவே போடலங்க. தெரிஞ்சேதான் தப்பான இடத்துல போட்டேன்" என்று சொல்லி அழுதாள்.

மாமா நம்பவில்லை. அவள் அழுகையைப் பார்க்கச் சகிக்காமல்தான் வண்டியில் ஏறினார்.

ஸ்கேன் படத்தை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு நாள் ஏன் வரல?"

அக்கா வாய் திறப்பதற்குள் மாமா பெருமையாகச் சொன்னார். "வலியே தெரியாம இவ பாத்துக்கிட்டா, டாக்டர்."