பீரோவுக்குப் பின்னால்

"அந்த பீரோவ கொஞ்சம் நகத்துங்க" என்றபடியேதான் உள்ளே வருகிறார் எலக்ட்ரீஷியன். வயரிங் செய்யக் கூப்பிட்ட வீட்டுக்காரர்கள் முழிக்கிறார்கள். மழைக்கு மழை வெள்ளம் புகும் தெரு அது. தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டால் எல்லோரும் கூசாமல் முழங்கால் என்பார்கள். வீட்டை நாளைக்கு வாடகைக்கு விட வேண்டுமே! இவர் வாதாடுவதில்லை. "பீரோவுக்குப் பின்னாடி யாரும் பெயின்ட் அடிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அங்கே தெரியும் சேற்றுக் கறையின் உயரத்தில் அறையைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு இழுப்பார். அதற்கு ஒரு முழம் மேலே இன்னொரு கோடு. அதற்குக் கீழே சுவிட்ச், பிளக் எதுவும் கிடையாது. தெருவில் அவருக்குக் கோடு அண்ணன் என்றே பெயர்.

ஆள் குள்ளம். தான் மாட்டிய சுவிட்சைத் தானே எக்கித்தான் போட வேண்டும். சொந்த வீட்டிலும் அதே சட்டம்தான். "இந்த மனுஷனுக்கு வாக்கப்பட்டு என் கழுத்து ஒரு சாண் வளந்துடுச்சு. மிக்ஸி போடக்கூட ஸ்டூல் வேணும்" என்று மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் சுவிட்சைக் கீழே இறக்கச் சொன்னதில்லை. மனைவியின் கூடப்பிறந்த அண்ணன் வெள்ளத்தில் நின்றபடி ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கப் போய் இறந்தவர்.

வயர்கள் தரையிலிருந்து ஏறாது, கூரையிலிருந்துதான் இறங்கும். தண்ணீர் மோட்டாருக்கு மட்டும் வயர் கோட்டைத் தாண்டிக் கீழே போயாக வேண்டும். அதற்குத் தடித்த உறை போட்ட கேபிள், நடுவில் ஒட்டே இல்லாத ஒரே துண்டு. துருப்பிடிக்காத பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டு, பைப்பின் அடியில் ஒரு துளையும் போடுவார்.

"ஏண்ணே, தண்ணி உள்ள போயிடாதா?"

"அது எப்படியும் போகும். போனது வெளிய வரணும்ல?"

வேலை முடிந்ததும் முதல் சுவிட்சை அவர்தான் போடுவார். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகும் "யாரும் கிட்ட வராதீங்க" என்று அதட்டுவார். பயமா என்று கேட்டால், பயம்தான் என்பார்.

தெருக்கோடித் தையல்காரப் பெண் ஒருத்திதான் அவரிடம் பொய் சொல்லாதவள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தைப்பவள், தனியாக இருக்கிறாள். "என் கழுத்து வரைக்கும் வந்துச்சுண்ணே. பக்கத்து வீட்டுக்காரங்கதான் தூக்கிட்டுப் போனாங்க" என்றாள். பீரோவின் பின்னாலும் அதே உயரம்தான். அவர் இரண்டாவது கோட்டையும் இழுத்தார். அவள் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிக் கொண்டுவந்து கையை நீட்டினாள். விரல் எட்டவில்லை.

"பழைய சுவிட்சும் எட்டாதுண்ணே. ஒரு லைட் போட ஜன்னல் வழியா யாரையாவது கூப்பிடணும். இருட்டினா கூப்பிடக் கூச்சமா இருக்கு, அப்படியே உக்காந்திருப்பேன். கோட்டுக்குக் கீழ போட்டுக் குடுங்க. வெள்ளம் வந்தா அப்ப பாத்துக்கலாம்."

"வெள்ளம் வந்தா பாத்துக்க நீ இருக்க மாட்டம்மா."

சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே தெரிந்துவிட்டது. அன்று பையைத் திறக்காமலே வீட்டுக்குப் போனார். மனைவி என்னவென்று கேட்டதற்கு, "கோட்டையும் விட முடியல, அந்தப் பொண்ணு கேக்கறதையும் விட முடியல" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கடை கடையாகத் தேடிப் பிடித்த இரண்டு கயிற்றுச் சுவிட்சுகளோடு வந்தார். சுவிட்ச் கூரையில், தையல் மெஷினின் பிளக்கும் மேலே. அவள் இழுத்துப் போடக் கைக்கெட்டும்படி தொங்குவது நைலான் கயிறுகள் மட்டும். இருட்டில் தடவித் தெரிந்துகொள்ள அவளே நுனிகளில் பட்டன் கட்டினாள், மெஷினுக்குப் பெரியது, விளக்குக்குச் சின்னது.

"கண்ண மூடு. இப்ப தேடு" என்றார்.

அவள் கை காற்றில் துழாவியது. ஒரு சாண் தள்ளிப் போய்விட்டது. முணுமுணுக்காமல் ஏணியில் ஏறி, எல்லாவற்றையும் கழற்றி, ஒரு சாண் நகர்த்தி மாட்டினார். மறுபடி கண்ணை மூடச் சொன்னார். கை நேராகப் பட்டனில் போய் நின்றது.

மெயினைப் போட்டார். மீட்டரை வைத்து இரண்டு முறை பார்த்தார். வழக்கம்போல "யாரும் கிட்ட" என்று வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கயிற்றை நோக்கிப் போன வலது கையை இடது கையால் பிடித்து, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார்.

"போடும்மா."