கள்ளிப்பெட்டி நடைவண்டி

பினாங்கில் பொம்மைக் கடைக்குள் நுழைந்தால், பொம்மையைக் காட்டுவதற்கு முன்பே பிள்ளையின் வயதைக் கேட்கிறார்கள். அறந்தாங்கிச் சந்தையில் யார் கேட்டார்கள்? பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டுதானே போவோம். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துக் கிலுகிலுப்பையோ பம்பரமோ எடுத்து நீட்டுவார். போன வாரம் இங்கே மரப்பொம்மை செதுக்கி விற்கும் சீனப் பெண்மணி மலாயில் வயது கேட்டாள். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றேன். "அனாக் செண்டிரி?" என்று சிரித்தாள். சொந்தப் பிள்ளைதானா என்கிறாள்! கையிலிருந்த மர வாத்தை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவள்மேல் எனக்கு என்ன கோபம்? கோபமெல்லாம் என் முதலாளிமேல்தான்.

மகள் ஊரில் பிறந்தபோது நான் இங்கே அவருடைய மளிகைக் கடையில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை தவழ்கிறாள் என்று மனைவி எழுதிய அன்றே, கடையில் உடைத்துப் போட்ட கள்ளிப்பெட்டிப் பலகையை இழைத்து நடைவண்டி செய்யத் தொடங்கினேன். மூன்று சக்கரம், பிடித்து நடக்க ஒரு குறுக்குக் கட்டை. பிஞ்சுக் கையில் சிராய் ஏறக் கூடாதென்று உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சாவி கொடுத்தால் ஓடும் தகரக் காரை எந்த மடையனும் வாங்கலாம். நான் செய்த சாமான்தான் அவள் கைக்கு முதலில் போக வேண்டும் என்று எனக்கொரு பிடிவாதம்.

லீவு கேட்டேன். முதலாளியும் நம் திருமயம் பக்கத்துக்காரர்தான்.

"அடுத்த வருசம் பாப்போம்ப்பா. பிள்ளை எங்கிட்டும் ஓடியா போயிரும்?" என்றார்.

அடுத்த வருடமும் அதையே சொன்னார். அவர் மட்டும் வருடம் தவறாமல் ஊருக்குப் போய்வந்தார். நல்லாயிருப்பாரா அந்த மனிதர்! அப்போதுதான் புதிதாய்க் கட்டாயமாக்கிய பாஸ்போர்ட்டுக்கு நான் அலைந்தது தனிக் கதை. கப்பலேறியபோது மகளுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது.

எனக்கு எண்ணத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மனசுக்குள் அவள் தவழ்ந்துகொண்டேதான் இருந்தாள். நாகப்பட்டினத்தில் இறங்கி, பஸ் மாறி, நடைவண்டியைத் தலையில் சுமந்து வீடு சேர்ந்தால், தெருக்கோடியிலிருந்து ஓடி வருகிறது பிள்ளை.

"என்னங்க இது, இவ கம்மாக்கரை வரைக்கும் ஓடுறாளே" என்ற மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கேயே வண்டியைப் போட்டு உடைக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

கட்டையைப் பிடிக்க மகள் குனிய வேண்டியிருந்தது. இரண்டடி தள்ளிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். நான் இருந்த இரண்டு மாதமும், சொல்லிக்கொடுத்தபடி என்னை அப்பா என்றாள். அது என் பெயர் என்று நினைத்திருப்பாள். நான் புறப்பட்ட அன்று வண்டியை வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"அப்பா, இத மறந்துட்டுப் போறீங்க."

"ஒனக்குத்தானே ஆத்தா கொண்டாந்தேன்."

"நான் பெரிய பிள்ளைல்ல? இது ஒங்க வீட்டுப் பாப்பாவுக்கு. எடுத்துட்டுப் போங்க, அது தேடும்."

எடுத்துக்கொண்டுதான் வந்தேன். இங்கே என் கட்டிலடியில் இருக்கிறது.