பிட்ச்டு பேட்டில் என்று எழுதியவன் நான்

கூரத்திலிருந்து சரோஜாவின் தம்பி பஸ் பிடித்து வந்து, உத்திரமேரூர் தாலுகா ஆபீஸ் வாசலில் என் மேஜைக்கு முன்னால் நின்றார். "அக்கா போயிட்டாங்கோ சார். ரெண்டு நாளா ஜுரம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி" என்றார். பக்கத்து மேஜைக்காரர் தலையை நிமிர்த்தி, "யாரு, நம்ம பேட்டில் சரோஜாவா?" என்றார். துக்கம் சொல்ல வந்தவரின் எதிரிலேயே கேட்டார். அப்போதும் நான் அவரைத் திருத்தவில்லை.

அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று சரோஜாவை அறிந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தது தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மனு எழுதுவேன், அவர் டைப் அடிப்பார். ஐந்து வருஷம் ஒரே மேஜை. இங்கிலீஷில் கனமாக நாலு வார்த்தை இருந்தால்தான் மனு மேலே நகரும் என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை. அதற்காகவே பத்திரிகையில் பார்க்கும் வார்த்தைகளை நோட்டில் குறித்து வைப்பேன். சரோஜாவுக்கு வேறு பழக்கம். அடித்து முடித்த மனுவை வரி வரியாகத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் மைப்பெட்டியை நகர்த்துவார். நேரம் போகிறதே என்று சிடுசிடுப்பேன். "கைநாட்டு வெக்கிறவருக்குத் தெரியணும் சார், இன்னாத்துக்கு வெக்கிறோம்னு" என்பார்.

ஏரி மதகுத் தகராறில் கை ஒடிந்த முனுசாமி என்ற விவசாயி ஒருநாள் வந்தார். "நாங்க கை ஓங்கவே இல்ல சாமி. தடியோட வந்தாங்கோ, அடி வாங்கிக்கினு ஓடியாந்தோம்" என்றார். நான் மதகடியில் பிட்ச்டு பேட்டில் நடந்ததாக எழுதினேன். சரோஜா மிஷினிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இது தப்பா கீது சார். இப்படிப் போட்டா ரெண்டு பக்கமும் ஆள் சேத்துக்கினு, தயாரா வந்து நின்னு மோதிக்கினாங்கன்னு ஆவும். இவுரு ஓடியாந்தவரு."

"கலெக்டர் படிக்கிறது, கனமா இருக்கட்டும். அடிம்மா."

தபால் நேரம் நெருங்கியதால் அன்று படித்துச் சொல்லவும் நான் விடவில்லை. முனுசாமி இடது கையில் கட்டோடு வலது கட்டைவிரலை வைத்தார்.

பத்தாம் நாள் இரண்டு தரப்பின் மேலும் போலீஸ் கேஸ். நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்களே என்று அந்த மனுவையே காட்டி முனுசாமியை உள்ளே வைத்தார்கள். கோர்ட்டுக்கு வந்து அந்த வார்த்தை உங்களுடையது என்று சொல்லுங்கள் என்று சரோஜா என்னிடம் இரண்டு முறை கேட்டார். தொழில் போய்விடும் என்று பயந்தேன். உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்துக்கொண்டேன். சரோஜாவே காஞ்சிபுரம் போய், மனுதாரருக்கு இங்கிலீஷ் தெரியாது, அர்த்தம் தெரியாமல் அந்த வார்த்தையை நானாகச் சேர்த்து அடித்துவிட்டேன் என்று சாட்சி சொன்னார். முனுசாமியின் கை ஒடிந்ததற்கு டாக்டர் சீட்டும் இருந்தது. முனுசாமி வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு சரோஜாவிடம் டைப் அடிக்கக் கொடுக்க ஆளில்லை. பட்டப்பெயர் மட்டும் தாலுகா ஆபீஸ் முழுக்கப் பரவியது. மிஷினை விற்றுவிட்டு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கும் வேலைக்குப் போனார். என் மேஜையில் கூட்டம் குறையவில்லை.

போன வருஷம் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மன்னிப்பு என்று நான் ஆரம்பித்ததுமே, "வுடுங்க சார், அவுரு வெளிய வந்துட்டாரு இல்ல" என்றார். பஸ் வந்தது. படியில் ஏறிய பிறகு திரும்பி, "ஆனா ஒரு நாள் யார்கிட்டயாச்சும் சொல்லுங்க சார், எனக்கு அர்த்தம் தெரியும்னு" என்றார்.

சொல்லுகிறேன் என்றேன். ஒரு வருஷம் இருந்தது, சொல்லவில்லை.

சரோஜாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வேண்டுகோள்தான். அவரைப் பட்டப்பெயரால் கூப்பிட்டவர்களே, கேட்டுச் சிரித்தவர்களே, அவருக்கு அர்த்தம் தெரியும். அடிக்க மாட்டேன் என்று கையை எடுத்தவர் அவர். அடி என்றவன் நான்.