கோமதி தடவிய கோடு

டாக்டர் கோமதி போய்விட்டார் என்று போன் வந்தபோது, அவர் முறுக்கு தின்ற கையால் தடவிய எக்ஸ்ரே திரையை நான் திட்டிக்கொண்டே துடைத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மாலை சிரித்தபடி வீட்டுக்குக் கிளம்பியவர். மாரடைப்பு என்றார்கள்.

தெற்கு தில்லியில் எங்கள் கால்நடை மருத்துவமனையில் அவர் எக்ஸ்ரே, ஸ்கேன் படம் பார்ப்பார், நான் அறுவை செய்வேன். எங்களுக்குள் இருந்த ஒரே சண்டை அந்தத் திரைதான். எந்த நாயின் படம் வந்தாலும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் கோட்டை விரலால் ஒருமுறை தடவிய பிறகே மற்றதைப் பார்ப்பார். "கண்ணு ஏமாத்தும் டாக்டர், வெரல் ஏமாத்தாது" என்பார். ஐ.என்.ஏ. மார்க்கெட் முறுக்கும் அதே கையில்தான் இருக்கும். திரையைத் தொடக்கூடாது என்று இந்தியில் எழுதி ஒட்டினேன். "எனக்கு இந்தி வாசிக்க வராதுல்லா" என்று சொல்லிவிட்டார். தில்லிக்கு வந்து பாதி ஆயுள் ஆகியிருந்தது.

போன குளிர்காலத்தில் லோதி ரோடு குடியிருப்பிலிருந்து ஓர் அதிகாரி தன் நாய் பிங்கியைத் தூக்கி வந்தார். ஸ்கூட்டர் இடித்ததிலிருந்து அதற்கு மூச்சு வாங்கியது.

"ஸ்கூட்டர் லேசாத்தான் தட்டித்து. இது வெறும் வயத்து கேஸ். பெருங்காயம் கரைச்சுக் குடுத்திருக்கேன்" என்றார், கோப்பில் குறிப்பு எழுதும் தோரணையில்.

கோமதியின் விரல் திரையில் பாதியில் நின்றது. அதற்கு மேல் கோட்டைக் காணோம். இதயத்தை ஒட்டிக் காற்றுக் குமிழிகள் தெரிந்தன.

"கேஸ் உண்டு சார். ஆனா கொடலோட சேந்து நெஞ்சுக்குள்ளல்லா இருக்கு."

அதிகாரியின் தோரணை போயிற்று. "பொழைக்குமா மேடம்? ஆத்துல நானும் அவளும் மட்டுந்தான்."

மல்லாக்கப் படுக்கவைத்தால் இருக்கிற மூச்சும் நின்றுவிடும். கோமதி சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பிங்கியை நிற்கவைத்தபடியே ஸ்கேன் பார்த்தார். ஈரலும் மேலே ஏறியிருந்தது. குடலையும் ஈரலையும் கீழே இறக்கி, உதரவிதானத்தின் கிழிசலைத் தைத்தேன். பிங்கி பிழைத்தது. கேஸ் என்று முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்று அதிகாரி இன்றும் சொல்லித் திரிகிறார். "சரிதானே, எடந்தான் கொஞ்சம் தள்ளிப்போச்சு" என்று கோமதி விட்டுக்கொடுத்தார்.

அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களிடம் சொல்கிறேன், அவருடைய கடைசிக் கறையை நானே துடைத்துவிட்டேன். மனசு ஆறவில்லை.

நேற்று ஒரு நாயின் படம் வந்தது. "டாக்டர் சாப்" என்று எக்ஸ்ரே எடுக்கும் ஊழியர் தயங்கியபடி என் அறிவிப்பைச் சுட்டிக்காட்டினார். அப்போதுதான் கவனித்தேன், என் விரல் திரையில் இருந்தது. எடுக்கவில்லை. கோடு முடிகிற வரை தடவிவிட்டுத்தான் எடுத்தேன்.